ஜன்னலோரக் கட்டிலுக்குச் சொன்ன பொய்

அக்கா, அல்மாத்தியில் நான் நர்ஸாக வேலை பார்க்கும் இடம் முன்பு நோயாளிகள் ஓய்வெடுத்து உடம்பைத் தேற்றிக்கொள்ளும் சானடோரியம். இப்போது, இனி குணமாகாதவர்கள் வலியில்லாமல் கடைசி நாட்களைக் கழிக்கும் மருத்துவமனை. டாக்டரம்மா புதிதாக ஒரு விதி கொண்டுவந்திருக்கிறார்: நோயாளி கேட்டால் உண்மையைச் சொல்ல வேண்டும்.

நேற்று மதியம் டொலெகென் என்ற புது நோயாளி வந்தார். வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. அவருடைய மகள் என்னை நடையில் நிறுத்தினாள்.

"அப்பாகிட்ட வயித்துப்புண்ணுன்னு சொல்லிருக்கோம். வாயைத் திறந்துடாதே, தங்கச்சி."

ஒராஸ்பெக்கின் மகனும் இதையேதான் கேட்டான். ஒராஸ்பெக் லாரி ஓட்டியவர். போன வாரம் அதே அறையில், ஜன்னலோரக் கட்டிலில் இறந்தார்.

"நீ மலைக்காரி, பொய் சொல்ற அளவுக்குச் சாமர்த்தியம் கிடையாது," என்று மலைக்கிராமத்திலிருந்து வந்த என்னைக் கிண்டல் செய்வார். "நான் போற நாள் வந்தா சொல்லிடு, பொண்ணே. தம்பிகிட்ட மன்னிப்புக் கேக்கணும். பன்னெண்டு வருஷமாப் பேச்சில்லை."

எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்டு விடைபெறாமல் இங்கே யாருக்கும் கண்மூட மனம் வராது. நான் கையடித்துச் சத்தியம் செய்தேன்.

கடைசி நாள் காலையில், அந்த நாள் வந்துவிட்டதா என்று கேட்டார். மகன் பின்னால் நின்று என்னை முறைத்தான்.

"பனி உருகினதும் வண்டி ஓட்டுவீங்க, தாத்தா," என்றேன்.

மாலைக்குள் போய்விட்டார்.

நேற்று டொலெகெனின் மகள் கிளம்பியதும் அவருக்குப் போர்வை போர்த்தினேன். அவர் ஜன்னலோரக் கட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தார். அது காலி. விரிப்புகூட இல்லை.

"அந்த டிரைவர் நல்லாப் பேசுறார். டீசல் நாத்தம்தான் தாங்கலை."

எனக்கும் டீசல் நாற்றம் அடித்தது.

"என்ன... சொன்னார்?"

"மலைக்காரிகிட்ட எதுவும் கேக்காதே, சிரிச்சுக்கிட்டே பொய் சொல்லுவாங்கறார். நீயே சொல்லு, நான் வீட்டுக்குப் போவேனா?"

காலிக் கட்டில் கிறீச்சிட்டது.

மெத்தையின் நடுவில் மெல்லப் பள்ளம் விழுந்தது.

டொலெகெனின் கையைப் பிடித்துக்கொண்டேன். "மாட்டீங்க, தாத்தா. அது புண்ணு இல்லை, புத்துநோய். பேச வேண்டியவங்களை இன்னைக்கே கூப்பிடுங்க."

நெடுநேரம் அழுதார். பிறகு, "என் மகளை வரச் சொல்லு," என்றார்.

போனை எடுக்கத் திரும்பினேன்.

காதோரம் சில்லென்று ஒரு மூச்சு.

"இவனுக்கு மட்டும் சொல்றே. எனக்கு ஏன் சொல்லலை?"