அறுபதுக்கு இறங்காத ஈரம்

காற்றின் ஈரத்தைக் காட்டும் அந்தச் சின்னப் பெட்டி, தீப்பெட்டி அளவுதான், ஆணியில் தொங்கிக்கொண்டு அறுபத்தொன்பது என்றது. நேற்று அறுபத்தைந்து. முந்தாநாள் அறுபத்திரண்டு.

அறுபதுக்கு இறங்க வேண்டிய எண் அது; ஏறக்கூடாது. கஞ்சாச் செடியை வெட்டி, தலைகீழாகக் கயிற்றில் கட்டிப் பன்னிரண்டு நாள் ஆகிறது. கான்பராவின் ஏப்ரல் காற்று மனிதர் உதட்டையே வெடிக்க வைத்துவிடும். இந்நேரம் காம்பு சுள்ளி மாதிரி ஒடிய வேண்டும். நோரீன் ஒன்றை வளைத்துப் பார்த்தாள். ரப்பர் போல வளைந்து, மெல்ல நிமிர்ந்தது.

ஜன்னலில் கறுப்புப் பிளாஸ்டிக், விளிம்பெல்லாம் டேப். குழாய் கிடையாது. மூடிய அறையில் ஈரம் ஏறினால், உள்ளே யாரோ மூச்சு விடுகிறார்கள் என்று அர்த்தம். வெர்னா அடிக்கடி சொல்லுவாள்: "உள்ள நின்னு பெருமூச்சு விடாதடி. உன் மூச்சு பட்டே பூஞ்சை புடிச்சிரும்."

வெர்னா அவள் அக்கா. வீடும் வெர்னாவுடையது, மூட்டுவலிக்கென்று, அந்த ஊர்ச் சட்டம் அனுமதித்த அளவில் வளர்த்த இரண்டு செடியும் வெர்னாவுடையவை. புருஷன் கைவிட்ட தங்கையை இருபத்தாறு வருஷம் வைத்துக் காப்பாற்றியவளும் அவள்தான்; அதை ஒருநாள் விடாமல் சொல்லிக்காட்டியவளும் அவள்தான்.

போன வியாழக்கிழமை மத்தியானம், கிளைகளைத் திருப்பிக் கட்ட வெர்னா இந்த அறைக்குள் வந்தாள். வரும்போதே, "இதுக்குப் பேரு டீயா? உன் புருஷன் ஏன் ஓடினான்னு இப்பத்தான்டி புரியுது" என்றாள். நோரீன் வெளியிலிருந்து சாவியைத் திருப்பினாள். பத்து நிமிஷம் கிடக்கட்டும் என்றுதான், பாவம், முதலில் நினைத்தாள். வெர்னாவுக்கு ஆஸ்துமா. அவளுடைய நீல இன்ஹேலர் அடுப்படி மேடையில் கிடந்தது. நோரீன் அதைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே டீயை ஊதி ஊதிக் குடித்தாள்.

கதவு தட்டப்பட்டுக்கொண்டே இருந்தது. புல் வெட்ட வந்த பக்கத்து வீட்டுக் கிளைவ் பின்வாசலில் தலையை நீட்டினான்.

"என்னம்மா நோரீன், உள்ள என்ன அப்படித் தட்டுது?"

"வாஷிங் மெஷின், கிளைவ். ஒரு கால் ஆடுது."

"அட்டையை மடிச்சுச் செருகும்மா. வெர்னா பாத்தா உன்னையே மடிச்சுச் செருகிடுவா."

சிரித்துக்கொண்டே போனான். புல்வெட்டி இரைந்தது. அது நிற்பதற்கு முன்னால் தட்டல் நின்றுவிட்டது. சாவியைத் திருப்பி, கதவை விரியத் திறந்து வைத்த பிறகே நோரீன் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டாள். ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை.

இன்றும் வியாழக்கிழமை. வெளியே கிளைவின் புல்வெட்டி ஓடிக்கொண்டிருந்தது. நோரீன் கத்தரிக்கோலை எடுத்தாள். காயாத மொட்டை ஜாடியில் அடைத்தால் அழுகிப்போகும், அவளுக்கும் தெரியும். அழுகட்டும். இந்த அறையோடு கணக்குத் தீர்ந்தால் போதும். சாவியை மறக்காமல் பிடுங்கித் தன் பைக்குள் போட்டுக்கொண்டுதான் வந்திருந்தாள்.

பசையும் பச்சை நெடியுமாய் விரல்கள் ஒட்டிக்கொள்ள, மூலையில் சின்ன விசிறி முனக, ஒவ்வொரு மொட்டாய் நறுக்கி ஆறு கண்ணாடி ஜாடிகளை நிரப்பி, மூடிகளை இறுகத் திருகி அலமாரியில் வரிசையாக வைத்தாள். தினமும் மூடியைத் திறந்து ஜாடியை மூச்சுவிட வைக்க வேண்டும் என்பது வெர்னாவின் சட்டம். இவள் திறக்கப்போவதில்லை.

முதல் ஜாடி உள்பக்கம் ஆவி படிந்து வெளுத்தது. ஈரம்தான். பிறகு தெளிந்தது. மறுபடி வெளுத்தது.

ஆறும் ஒன்றாக வெளுத்தன. ஒன்றாகத் தெளிந்தன.

நோரீன் தன் மூச்சை அடக்கிப் பார்த்தாள். ஜாடிகள் அடக்கவில்லை.

விசிறியை நிறுத்தினாள். முனகல் நின்றது. அதன் அடியில் இருந்த இன்னொரு சத்தம் நிற்கவில்லை. மெல்லிய விசில். இழுப்பு. பச்சை நெடிக்கு நடுவே யூகலிப்டஸ் தைல வாசனை. வெர்னா ராத்திரி நெஞ்சில் தேய்த்துக்கொள்வது.

ஆணியில் தொங்கிய பெட்டி: எழுபத்து நான்கு.

திரும்பினாள். கதவு சாத்தியிருந்தது. அவள் சாத்தவில்லை.

பைக்குள் கையை விட்டாள். சாவி இருந்தது. கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். பிடித்துக்கொண்டிருக்கும்போதே, வெளியே பூட்டில் சாவி திரும்பியது.

தட்டினாள். இரண்டு கையாலும். வெளியே புல்வெட்டி நின்றது. கடவுளே, நின்றது.

"என்னம்மா நோரீன், இன்னைக்கும் தட்டுதே?"

வாயைத் திறந்தாள். விசில்தான் வந்தது. ஆயுசில் ஒருநாளும் இழுப்பு வராத நெஞ்சு அது.

கதவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து, அடுப்படியிலிருந்து, பதில் போயிற்று. அவளுடைய குரலிலேயே.

"வாஷிங் மெஷின், கிளைவ். ஒரு கால் ஆடுது."

"இன்னுமா அட்டை வைக்கல நீ!" சிரிப்பு. புல்வெட்டி இரைந்தது.

எண்பத்தொன்று.

ஜாடிகள் வெளுத்தன. அவள் நெஞ்சு காலியானது. ஜாடிகள் தெளிந்தன. அவளுக்குள் எதுவும் திரும்பி வரவில்லை. ஆறு மூடிகளையும் பார்த்தாள். கை எட்டவில்லை. முழங்கால் தரையில்.

மறுபடி வெளுத்தன.

அடுப்படியில் யாரோ டீயை ஊதினார்கள். ஒரு வாய் உறிஞ்சினார்கள். அவசரமே இல்லாமல், மறுபடி ஊதினார்கள்.