நாற்பத்து மூன்று முயற்சிகள்

பட்டியலில் ஒரு போன் கூடுதலாக இருந்தது.

இர்ஷாத் திரையை மறுபடி எண்ணினான். கல்வராயன்மலைச் சிற்றூர் ஒன்றின் இ-சேவை மையம் அது; வாரம் ஒருமுறை மலையேறி வந்து அதன் கணினி வேலைகளைப் பார்ப்பவன் அவன். அங்கே வைஃபையில் சேரக்கூடியவை மூன்றுதான்: அலுவலகக் கணினி, பிரின்டர், அவனுடைய போன். நான்காவதாக ஒன்று நிமிடத்துக்கு ஒருமுறை சேர முயன்று, ‘அனுமதி மறுப்பு’ என்று திரும்பிக்கொண்டிருந்தது.

வைஃபையில் ஒவ்வொரு போனையும் அடையாளம் காட்டும் எண் ஒன்று உண்டு. இந்த எண்ணைத் தடுத்ததே அவன்தான். கமலாவின் போன்.

மையத்தைப் பெருக்க வந்த கர்ப்பிணி. “டவரே கெடைக்கல தம்பி. ஆத்தர அவசரத்துக்கு நர்சம்மாகிட்ட வாட்ஸ்அப்ல பேசணும், சேத்து வுடுங்க” என்றாள். சேர்த்துவிட்டான். பிறகு மேலதிகாரி, “வெளியாள் போனு இன்னாத்துக்கு உள்ள இருக்குது?” என்று கத்தியதும், அவளிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் தடுத்தான். டிசம்பரில், இடஒதுக்கீட்டு மறியலால் கச்சிராயபாளையம் சாலையில் வண்டியே நகராத நாளில், மையத்தை ஒட்டிய வீட்டில் அவளுக்கு வலி கண்டது. வயிற்றுப் பிள்ளையோடு இறந்துபோனாள். மறுவாரம் வந்து பதிவைத் திறந்தான். அந்த நாளில் மட்டும் நாற்பத்து மூன்று முயற்சிகள். நாற்பத்து மூன்றும் மறுப்பு. யாரும் பார்க்குமுன் அழித்துவிட்டான்.

கதவு கிறீச்சிட்டது. மையத்தின் சாவி வைத்திருக்கும் சின்னராசு, கமலாவின் கணவன், டீயோடு வந்தான்.

“கீழ இன்னிக்கும் மறியலாம் சார். பஸ்ஸு வராது. இங்கயே தங்கிக்குங்க.”

“அக்கா போனு... யாருகிட்ட இருக்குதுங்க?”

சின்னராசு டீயை மெதுவாக வைத்தான். “அவ கைய பிரிக்க முடியல சார். அப்படியே வெச்சுப் பொதைச்சிட்டோம். ஏன் கேக்குறீங்க?”

சொல்லிவிடலாம். நாக்கு நுனிவரை வந்தது.

“சும்மாதான்” என்றான்.

சின்னராசு போனபின், பிற்பகல் வெளிச்சத்தை விழுங்கியபடி பனிமூட்டம் சன்னல் கம்பிகளுக்குள் நுழைய, மின்விசிறி ஒவ்வொரு சுற்றுக்கும் டக்கென்று இடிக்க, எங்கிருந்தோ புதிதாக வெட்டிய மண்ணின் ஈர வாசனை அறையில் கனத்துக்கொண்டே வந்தது. போனின் பெயருக்கு எதிரே சிக்னல் அளவு: மைனஸ் எண்பத்தெட்டு. பூஜ்யத்தை நெருங்க நெருங்க, போன் அருகே வருகிறது என்று பொருள்.

மைனஸ் எழுபத்தொன்று.

அவன் எழுந்து கதவைத் தாழிட்டான். வெளியே காலடிச் சத்தம் இல்லை. நாய்கூடக் குரைக்கவில்லை.

ஐம்பத்து நான்கு. மறுப்பு.

முப்பத்தெட்டு. மறுப்பு.

தடுப்புப் பட்டியலைத் திறந்தான். அவள் எண்ணை நீக்கினான்.

சேர்ந்துவிட்டது.

அவன் போனில் வாட்ஸ்அப் அழைப்பு ஒலித்தது. கமலா.

எடுத்தான். “அக்கா... நாந்தான். நாந்தான் கட் பண்ணேன். சொல்லாம கட் பண்ணிட்டேன்க்கா...”

உற்றுக் கேட்டான். மின்விசிறியின் டக். யாரோ மூச்சு வாங்கும் சத்தம். அவன் மூச்சைப் பிடித்தான். அந்த மூச்சும் நின்றது.

போனில் கேட்டது அவனுடைய மூச்சு. அந்தப் போன் இந்த அறைக்குள்.

பிறகு ஓர் அழுகை. பிறந்த குழந்தையின் மெல்லிய, கம்மிய அழுகை.

அழைப்பைத் துண்டித்தான்.

அழுகை நிற்கவில்லை. மேசைக்கு அடியிலிருந்து வந்தது.

குனியவில்லை. குனிய முடியவில்லை. அவன் வெறுங்காலின் கட்டைவிரலை, மண் ஒட்டிய, ஈரமான, மிகச் சின்னக் கை ஒன்று இறுகப் பற்றியது.