ஜும்ஆவுக்குப் போகும் நோர்வேக்காரர்

2009 டிசம்பர் 3, வியாழன்.

இன்றைய பிழை: நம் கடையின் இணையத்தளத்துக்குப் போன மாதம் வந்தவர்கள் என்று வாப்பாவிடம் பெருமையாகச் சொன்ன கணக்கில் பாதிக்கு மேல் நான்தான். கடைக் கம்ப்யூட்டரில் நானே திறந்து திறந்து அழகு பார்த்ததெல்லாம் வாடிக்கையாளர் வருகை என்று பதிவாகியிருக்கிறது. அந்திக் கம்ப்யூட்டர் வகுப்பில் சசிகரன் சேர் சிரித்துவிட்டார். "வீட்டு ஆக்கள் வாசலால போய் வாறத விருந்தாளி எண்டு எண்ணலாமா? உங்கட ஐ.பி. முகவரிய முதல்ல கணக்கில இருந்து விலக்குங்க." விலக்கினேன். கடை பாதி வெறிச்சோடிப் போனது. மிஞ்சியதில் பெயரோடு தெரிந்தது கொழும்பு ஹோட்டல் ஒன்று மட்டும். நாளை அதைப் பார்க்க வேண்டும்.

நஸ்லியா நாட்குறிப்பையும் பேனாவையும் மூடினாள். வெளியே மழை...

கல்முனைப் பிரதான வீதியில் அவளுடைய வாப்பா கச்சிமுகம்மதுவின் கைத்தறிக் கடை. யுத்தம் முடிந்து கொழும்பு ஆட்கள் கிழக்குப் பக்கம் வரத் தொடங்கியிருந்தார்கள். அவர்களைப் பிடிக்கத்தான் இந்தத் தளம். வாப்பா ஒரு நிபந்தனையோடு சம்மதித்திருந்தார்.

"வருசம் முடியிறதுக்குள்ள ஒரு ஓடராவது வரணும் புள்ள. இல்லாட்டி வெப்சைட்டும் வேணாம், அந்திக் கிளாஸும் வேணாம்."

வகுப்பில் படித்தது அவளுக்கு மனப்பாடம். இணையத்தில் வரும் ஒவ்வொரு இணைப்புக்கும் ஓர் இலக்க முகவரி உண்டு. சில நிறுவனங்களுக்கு அது அவர்கள் பெயரிலேயே பதிவாகியிருக்கும். வந்த ஆள் யாரென்று தெரியாது. எந்த இடத்திலிருந்து வந்தார் என்று தெரியும். அந்த இடத்தைத் தேடி நாமே போய் வியாபாரம் கேட்கலாம்.

அந்த ஹோட்டல் மேசைவிரிப்புகளைப் பார்த்திருந்தது. 'தொடர்பு' பக்கத்தையும் திறந்திருந்தது. ஆனால் போன் வரவில்லையே... ஏன்?

அடுத்த நாள் துணிந்து ஹோட்டலுக்கே போன் எடுத்தாள்.

"எங்கட மனேஜர் எடுத்தாரே மிஸ்," என்றது ஒரு பெண்குரல். "ரோங் நம்பர் எண்டு ஒருத்தர் மரியாதையாச் சொன்னாராம். மனேஜர் இப்ப லீவு. வந்ததும் எடுக்கச் சொல்றன்."

நஸ்லியா தளத்தைத் திறந்தாள். கடைப் போன் இலக்கத்தின் கடைசியில் ஏழு இருக்க வேண்டிய இடத்தில் ஒன்று! அடித்தவள் அவளேதான்.

திருத்தினாள். மனம் ஆறவில்லை. அந்தப் பிழையான இலக்கத்துக்கு எடுத்தாள். முதல் மணியிலேயே ஒரு ஆண்குரல் ஓடி வந்தது.

"ஹலோ! ஆரு?... ஆ, சேலைக் கடையா தேடுறீங்க? அது நான் இல்ல."

"சேலைக் கடையே நான்தான்!"

மறுமுனையில் சிரிப்பு.

"மாஷா அல்லாஹ்! ஒரு மாசமா உங்கட கடையில சம்பளமில்லாத வேலை பாக்கிறன். நீலக் கரைச் சேலை என்ன விலை? ஆக்கள் கேட்டா சொல்லத் தெரியல்ல."

அவளுக்குக் காது சூடானது. பிழை தன்னுடையது. அதுதான் இன்னும் எரிந்தது.

"கரைச்சலா இருந்தா நம்பர மாத்தியிருக்கலாமே?"

சிரிப்பு நின்றது.

"இந்த நம்பர மாத்த ஏலாது," என்றான். போன் வைக்கப்பட்டது.

என்ன சொல்லிவிட்டேன்?... பெரிதாக ஒன்றும் சொல்லவில்லையே... சொல்லிவிட்டேனோ? இரவு முழுக்க அந்தக் குரல் அவளுடைய காதுக்குள் நின்றுகொண்டிருந்தது.

செவ்வாய்க்கிழமை வகுப்பு முடிந்தபோது வானம் பிளந்துகொண்டு கொட்டியது. அவள் பஸ் தரிப்பிடத்துக்குள் ஓடி ஒதுங்கினாள். பக்கத்தில் ஒருவன். பொலித்தீனில் சுற்றிய வீட்டு வரைபடங்களைக் குழந்தையைப் போல நெஞ்சோடு அணைத்திருந்தான். இமைகளில் மழைத்துளிகள்... அவள் பார்வையைத் தாழ்த்திக்கொண்டாள்.

அவனுடைய போன் அடித்தது. படங்கள் நழுவியதைப் பொருட்படுத்தாமல் பாய்ந்து எடுத்தான்.

"ஹலோ, ஆரு?... ஆ, சேலைக் கடையா? வெச்சிராதீங்க சேர்! அது பழைய நம்பர். கடைசி ஒண்ட ஏழாக்குங்க. ஓம், மேசைவிரிப்பும் இருக்காம். நல்ல கடை சேர். அந்தப் புள்ளைக்கு வாய்தான் கொஞ்சம் நீளம்."

"ஆருக்கு வாய் நீளம்?"

அவன் திரும்பினான். அவள் கண்களை முதன்முதலாய்ப் பார்த்தான். தூறலுக்குள் ஏற்றிய விளக்குப் போல இரண்டு கோபக் கண்கள்... அவை சட்டென்று தணிந்துவிட்டன.

"அது எங்கட ஹோட்டல் ஓடர்," என்றாள் மெதுவாக. "நீங்க சும்மா வெச்சிருந்தா அது போயிருக்கும்."

"நான் எந்தப் போன் கோலையும் சும்மா வைக்கிறதில்ல."

"அண்டைக்கு நம்பர மாத்தச் சொன்னது..."

அவன் நனைந்த வீதியைப் பார்த்துக்கொண்டு சொன்னான்.

"எனக்கு உம்மு எண்டு ஒரு தங்கச்சி. நான் முதல் போன் வாங்கின நேரம் இந்த நம்பரப் பாட்டாப் பாடிப் பாடமாக்கினவள். அவளுக்குத் தெரிஞ்ச ஒரே நம்பர். சுனாமியில... அடக்கம் பண்ண ஜனாஸாகூடக் கிடைக்கல்ல. போயிட்டாள் எண்டு எனக்கும் தெரியும். எண்டாலும் போன் அடிச்சா, 'காக்கா' எண்டு அண்ணனக் கூப்பிடுற அவள்ர குரல் கேக்குமோ எண்டுதான் முதல்ல நினைக்கிறன்."

அதனால்தான் ஒவ்வொரு முறையும் அந்த 'ஆரு?'... மன்னிப்புக் கேட்க வாய் திறந்தாள். அதற்குள் அவனுடைய பஸ் வந்துவிட்டது. "றாஸிக்... என்ர பேரு," என்று படியிலிருந்து சொன்னான். மழை அவனை மறைத்துக்கொண்டது.

ஹோட்டல் ஓடர் வந்தது. வாப்பா கடை முழுக்கச் சொல்லித் திரிந்தார். நஸ்லியா மட்டும் அந்தக் கேட்காத மன்னிப்போடு திரிந்தாள். அவனுடைய இலக்கம் தெரியும். எடுக்கலாம். ஆனால் போன் அடித்ததும் அவன் தங்கையையல்லவா நினைப்பான்? அந்த ஒரு நொடி ஏமாற்றத்தை நான் எப்படிக் கொடுப்பேன்?...

அந்த நாட்களில்தான் பட்டியலில் ஒரு புதுமை. நோர்வேயிலிருந்து ஒருவர்! தினமும் மதியச் சாப்பாட்டு நேரத்தில் வந்தார். சேலை பார்க்கவில்லை, விலை பார்க்கவில்லை. 'தொடர்பு' பக்கத்தைத் திறந்தார். ஒன்றும் எழுதாமல் போனார்.

குளிர்நாட்டு ஆளுக்குக் கைத்தறியில் என்ன ஆசை? அங்கே அப்போது இன்னும் இருள் விலகாத காலை. விடிந்ததும் விடியாததுமாய் எழுந்து நம் இலக்கத்தை ஏன் பார்க்க வேண்டும்?

வெள்ளிக்கிழமை மதியம் அவர் வரவில்லை. பள்ளிவாசலில் ஜும்ஆத் தொழுகை முடிந்தது. வாப்பா தொப்பியோடு கடைக்குள் ஏறினார். அதன் பிறகு... வந்தார்.

நஸ்லியா திரையையும் வாப்பாவின் தொப்பியையும் மாறி மாறிப் பார்த்தாள். ஜும்ஆவுக்குப் போய் வரும் நோர்வேக்காரரா?

"ஆள் இங்க, முகவரி அங்க. அப்பிடி நடக்குமா சேர்?" என்று வகுப்பில் கேட்டாள்.

"நடக்கும். கூரையில பெரிய டிஷ் வெச்சிருக்கிற வெளிநாட்டு ஒபிஸுகள் இருக்கே, அவங்கட லைன் வானத்தால போய் அவங்கட நாட்டிலதான் இறங்கும்."

ஊரில் நோர்வேக்காரர் நடத்தும் சுனாமி வீட்டுத் திட்ட அலுவலகம். கூரையில் வெள்ளை டிஷ். பொலித்தீனுக்குள் வீட்டு வரைபடங்கள்...

பிறகு வழக்கமான சந்தேகம் வந்தது. முகவரி அலுவலகத்தைத்தான் சொல்லும், ஆளைச் சொல்லாது. அங்கே எத்தனை பேர் ஜும்ஆவுக்குப் போவார்கள்! இது வேறு யாராவதாக இருந்தால்?... சரி. கேட்டுப் பார்த்தால்தானே தெரியும்.

அடுத்த வியாழன் காலை 'தொடர்பு' பக்கத்தில் ஒரு வரி சேர்த்தாள்: "மதியத்தில் வந்து ஒன்றும் எழுதாமல் போகும் நோர்வேக்காரர், ஜும்ஆ முடிந்து கடைக்கு நேரில் வரலாம்."

வெள்ளிக்கிழமை. தூறல். வாசலில் ஒரு குடை மடங்கியது.

"அஸ்ஸலாமு அலைக்கும், சாச்சா."

"வ அலைக்குமுஸ்ஸலாம். எங்கால தம்பி வாறீங்க?"

"நோர்வேயால," என்றான் றாஸிக்.

வாப்பா அவனை மேலும் கீழும் பார்த்தார். "நோர்வே மழையில நல்லா நனைஞ்சிட்டீங்க போல. புள்ள, இவருக்கு என்ன வேணுமெண்டு பாரு." தேநீர் சொல்லப் பக்கத்துக் கடைக்குப் போனார்.

இருவருக்கும் நடுவில் நீலக் கரைச் சேலை விரிந்து கிடந்தது.

"தினமும் வந்து என்னத்தப் பாத்தீங்க?" சேலையிடம் கேட்டாள்.

"முதல்ல புது நம்பர் எடுக்க வந்தன், கேக்கிற ஆக்களுக்குச் சொல்ல. பிறகு... திரும்பவும் பிழையா மாறியிருக்குமா எண்டு பாத்தன்."

"மாறணுமா?"

"ஒரு மாசம் என்ர போன் விடாம அடிச்சுது. நீங்க திருத்தினீங்க... அடிக்குதில்ல. அஞ்சு வருசமா அந்த அமைதி எனக்குப் பழக்கம். இப்ப தாங்க ஏலாமக் கிடக்கு."

அவள் நிமிர்ந்தாள். நெடுநாளாய்ச் சேர்த்து வைத்த மன்னிப்பு வரவில்லை. வேறொன்று வந்தது. அவனுடைய இலக்கத்தை முதலிலிருந்து கடைசி வரை, பாராமல், மெல்லச் சொன்னாள்.

அவன் கண்கள் கலங்கின.

"எனக்கும் அது மனப்பாடம்," என்றாள். "இனி அடிச்சா... நான்தான் எண்டு நினைச்சாலும் பரவாயில்ல. உம்மு எண்டு நினைச்சாலும் பரவாயில்ல."

அவன் சேலையின் நீலக் கரையை விரலால் நீவினான்.

"நஸ்லியா," என்றான். பேரை எப்போது தெரிந்துகொண்டானோ... "எனக்கு உங்களப் பிடிச்சிருக்கு. நம்மட பக்கம் பொண் வீட்டாக்கள்தானே கேட்டு வாறது. உங்கட வாப்பா வருவாரா?"

"நோர்வேக்கா?"

"கல்முனைக்குடியில எங்கட வீட்டுக்கு வந்தா போதும்."

தேநீரோடு வாசலுக்கு வந்த வாப்பா பலமாக ஒருமுறை செருமினார். "தம்பி, முதல்ல தேத்தண்ணியக் குடிங்க. கல்முனைக்குடி என்ன, நடந்தே வரலாம்."

2009 டிசம்பர் 18, வெள்ளி.

இன்றைய பிழை: ஹோட்டல் பற்றுச்சீட்டில் தேதியை மாற்றி எழுதிவிட்டேன். வாப்பா ஒன்றும் சொல்லவில்லை, சிரித்தார்.

நாளைய வேலை: நோர்வே முகவரியை வந்தவர்கள் கணக்கிலிருந்து விலக்க வேண்டும். வீட்டு ஆட்களை எண்ணக் கூடாது.