பிஸியாக இருந்த போன்

தேனியிலுள்ள கல்லூரியின் கம்ப்யூட்டர் லேபில் செய்முறைத் தேர்வு முடிந்து மாணவிகள் கலைந்துகொண்டிருந்தார்கள். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு ஒரு பெண் தயங்கி நின்றாள். லேப் உதவியாளன் லிங்கேஸ்வரனுக்கு முதலில் அடையாளமே தெரியவில்லை. வருசநாட்டிலிருந்து பஸ் மாறி வந்திருந்த அவனுடைய அத்தை மலையம்மாள்தான். முகம் அவ்வளவு வாடிப்போயிருந்தது.

"ஏலே லிங்கம், எந்தச் சிக்கலையும் உங்க டீச்சரம்மா அவுத்துருவாகன்னு சொல்லுவியே. எனக்கு ஒண்ணு அவுக்கணும்லே."

பேராசிரியை ஜெபஷீலா கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, எதிரிலிருந்த நாற்காலியைக் காட்டினார். "உட்காருங்கம்மா. மொதல்ல இருந்து சொல்லுங்க."

மலையம்மாள் சொன்னாள். காட்டை ஒட்டிய தோட்டங்களில் யானை இறங்குவது வழக்கமாகிவிட்டதால், காமராஜ் என்பவர் ஓர் ஏற்பாடு செய்திருந்தார். அவருடைய தோட்டம்தான் மேலே முதலாவது. யானையைப் பார்த்ததும் அவர் அடுத்த தோட்டத்துக்குப் போன் செய்வார். அவர்கள் அதற்கடுத்த தோட்டத்துக்கு. இப்படியே கடைசிவரை போகும். பதற்றத்தில் பெயரைத் தேடக் கூடாது என்பதற்காக, ஒவ்வொருவரும் தமக்கு அடுத்தவரின் எண்ணைத் தம் போனில் 'யானை' என்ற பெயரில் பதிந்துவைத்திருந்தார்கள்.

காமராஜுக்கு அடுத்து மலையம்மாள், அவளுக்கு அடுத்து மொக்கம்மாள் என்றுதான் இருந்தது. அண்மையில் போடியிலிருந்து வந்த பிரின்ஸ், நடுவிலிருந்த நிலத்தைக் குத்தகைக்கு எடுத்தான். காமராஜ் அவனைத் தனக்கும் மலையம்மாளுக்கும் இடையில் சேர்த்துவிட்டார்.

அதன்பின் ஒரு நாள் பொழுது சாயும் நேரத்தில் யானை இறங்கியது. காமராஜ் பிரின்ஸுக்குச் சொன்னார். மொக்கம்மாளுக்குச் சேதி போகவில்லை. மோட்டார் போடப் போன அவள் கணவன் சுந்தரலிங்கத்தை யானை தள்ளிவிட்டது. கால் எலும்பு முறிந்து, தேனி ஆஸ்பத்திரியில் கிடக்கிறான்.

"பிரின்ஸ் எனக்கு அடிச்சானாம், பிஸி பிஸின்னே வந்துச்சாம். என் போனு அன்னைக்கு ரிப்பேருக்குக் கடையில கெடந்துச்சு டீச்சர். கழட்டிப் போட்டிருந்தான். கழட்டிப் போட்ட போனு எப்படி பிஸியாகும்னு கேக்குறாக. கடைக்காரன் வந்து சொன்னான். அவன் எனக்குச் சொந்தக்காரன்கிறதால யாரும் நம்பலை. போனு விஷயத்துல பொய் சொல்றவ, யானை வந்தது தெரியாதுன்னு சொல்றதும் பொய்தான்கிறாக. மொக்கம்மாளோட எனக்கு வரப்புத் தகராறு. அதான் வேணும்னே சொல்லாம விட்டேனாம்." அவள் நாற்காலியின் நுனிக்கு நகர்ந்தாள். "என்னைய வரிசையில இருந்தே எடுக்கப்போறாகளாம். இனி யானை என் வாசல்ல வந்து நின்னாலும் சொல்ல ஆளு இல்லை."

லிங்கேஸ்வரன் கொதித்தான். "அந்த பிரின்ஸ்தான் மேடம்! போனே பண்ணாம, பண்ணினேன்னு சாதிக்கிறான்."

"பண்ணாதவன், ரிங் போச்சு, எடுக்கலைன்னுதான் சொல்லுவான். பிஸின்னு சொல்லணும்னு அவனுக்கு ஏன் தோணணும்?"

"அப்ப அத்தைதான்..." அவன் பாதியில் நிறுத்தினான். அந்தச் சந்தேகம் தன் மனத்திலும் ஒரு மூலையில் இருந்ததை நினைத்துக் கூசினான்.

"ரெண்டு பேரும் நெசம்தான் சொல்றாகன்னு வச்சுக்குவோம்," என்றார் ஜெபஷீலா. "சனிக்கிழமை போய்ப் பார்ப்போம்."

சனிக்கிழமை அவர்கள் காரில் போனபோது பிரின்ஸ் முருங்கைக் கன்றுகளுக்குத் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தான். அவனும் நொந்துபோயிருந்தான். "சத்தியமா அடிச்சேன் மேடம். ஒரு ரிங்கூடப் போகலை, அடிச்ச உடனே பிஸி. திரும்பத் திரும்ப அடிச்சாலும் அதே. சரி, அவுக அடுத்தாளுக்குச் சொல்லிக்கிட்டு இருக்காகன்னு விட்டுட்டேன். நானே அந்தம்மா வீட்டுக்கு ஓடிப் போய்ச் சொல்லியிருக்கணும்."

"உங்க நம்பர் என்ன தம்பி?"

அவன் தலையைச் சொறிந்தான். "பழைய சிம்முக்கு இங்கன சிக்னல் கெடைக்கலை. இது புதுசு, இன்னும் மனப்பாடம் ஆகலை."

ஜெபஷீலா லேசாகத் தலையசைத்தார். "எல்லாரையும் காமராஜண்ணன் வீட்டுக்கு வரச் சொல்லு லிங்கம். மொக்கம்மாளையும்."

மாற்றுத்துணி எடுக்க ஊருக்கு வந்திருந்த மொக்கம்மாள், பந்தலின் ஓரத்தில் மலையம்மாளைப் பார்க்காமல் திரும்பி உட்கார்ந்தாள். மலையம்மாளின் போன் இப்போது சரியாகியிருந்தது. ஜெபஷீலா அதை வாங்கி எல்லார் கண்ணிலும் படும்படி பிடித்துக்கொண்டார்.

"பிரின்ஸ், அன்னைக்குச் செஞ்ச மாதிரியே இப்ப 'யானை' நம்பருக்கு அடிங்க. ஸ்பீக்கர்ல போடுங்க."

அவன் அழுத்தினான். ஒரு நொடிகூட ஆகவில்லை, பிஸி டோன் கேட்டது. ஜெபஷீலாவின் கையிலிருந்த மலையம்மாளின் போன் ஒலிக்கவே இல்லை.

பந்தலில் சலசலப்பு எழுந்தது. "அப்ப அது யாரு நம்பரு?" என்றார் காமராஜ்.

"நாம எப்ப அடிச்சாலும் பிஸியா இருக்குற போன் ஒண்ணே ஒண்ணுதான். நம்ம சொந்த போன். பிரின்ஸ் அன்னைக்குத் தனக்குத்தானே போன் பண்ணியிருக்காரு."

லிங்கேஸ்வரன் சட்டென்று நிமிர்ந்தான். ஒவ்வொரு வருடமும் லேபில் அவன் பார்க்கிற பிழை! "லிங்க்டு லிஸ்ட், மேடம்!"

"அதேதான். எங்க பாடத்துல இப்படி ஒரு சங்கிலி உண்டு. ஒவ்வொண்ணுக்கும் அடுத்தது எங்கன்னு மட்டும்தான் தெரியும். நடுவுல புதுசா ஒண்ணைச் சேர்க்கும்போது, புதுசோட கையில மொதல்ல அடுத்ததைக் கொடுக்கணும். அதுக்கப்புறம்தான் முன்னாடி இருக்குறதைப் புதுசு பக்கம் திருப்பணும். மாத்திச் செஞ்சா, புதுசு தன்னையே சுத்திக்கிட்டு நிக்கும். அதுக்குப் பின்னாடி இருக்குறது மொத்தமும் அறுந்துபோகும்." அவர் காமராஜிடம் திரும்பினார். "பிரின்ஸைச் சேர்த்த அன்னைக்கு என்ன செஞ்சீகண்ணே?"

காமராஜ் யோசித்து யோசித்துச் சொன்னார். "மொதல்ல என் போன்ல, யானைங்கிற பேருல இருந்த மலையம்மா நம்பரை அழிச்சுட்டு பிரின்ஸ் நம்பரைப் போட்டேன். பெறகு, நான் யாருக்கு அடிச்சேனோ இனிமே அவுகளுக்கு நீ அடின்னு சொல்லி, 'யானை' நம்பரை அவனுக்கு வாட்ஸ்அப்ல..." பேச்சு நின்றது. அவர் முகம் வெளுத்தது. "ஆத்தாடி. அவன் நம்பரையே அவனுக்கு அனுப்பியிருக்கேன்."

"புது நம்பர், அவருக்கே பழக்கமில்லை. அப்படியே பதிஞ்சுக்கிட்டாரு," என்றார் ஜெபஷீலா. "இதுல யாரும் பொய் சொல்லலை. யாரும் வேணும்னு செய்யலை."

காமராஜ் எழுந்து வந்து மலையம்மாள் முன்னால் கைகூப்பினார். அவள் அதைக் கவனிக்கவில்லை. எதையோ நினைத்து அதிர்ந்தவள் போலிருந்தாள்.

"டீச்சர், அவன் சரியா அடிச்சிருந்தாலும் என் போனு கடையிலதான கெடந்துச்சு? மொக்கம்மாளுக்குச் சேதி போயிருக்காதுல்ல?"

தன்னைக் காத்துக்கொள்ள வந்தவள் தன் வாயாலேயே இதைக் கேட்பாள் என்று லிங்கேஸ்வரன் எதிர்பார்க்கவில்லை. ஜெபஷீலா அவள் பக்கம் திரும்பினார்.

"போயிருக்காதும்மா. ஏற்பாட்டுலயே அந்தக் குறை இருக்கு. இனி ஒவ்வொருத்தரும் அடுத்த ரெண்டு பேரு நம்பரை வச்சுக்கோங்க. ஒருத்தர் எடுக்கலைன்னா தாண்டிப் போகணும். கடைசி ஆளு காமராஜண்ணனுக்குத் திரும்ப அடிக்கணும். அந்தப் போன் வரலைன்னா, எங்கேயோ அறுந்துருச்சுன்னு அவருக்குத் தெரிஞ்சுரும்."

மொக்கம்மாள் முதல்முறையாகத் திரும்பினாள். "போனு ரிப்பேருன்னு எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"நாம எங்க பேசிக்கிட்டோம், சொல்றதுக்கு?"

மொக்கம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

தேனிக்குத் திரும்பும் காரில் அவளையும் ஆஸ்பத்திரியில் இறக்கிவிடுவதாக ஜெபஷீலா சொன்னார். அவள் துணிப்பையோடு பின்சீட்டில் ஏறினாள். லிங்கேஸ்வரன் வண்டியைக் கிளப்பும்போது யாரோ கண்ணாடியைத் தட்டினார்கள். மலையம்மாள் ஒரு கையில் தூக்குவாளியும் மறுகையில் போர்வையுமாக மூச்சிரைக்க நின்றாள்.

"ஒருத்தியா எத்தனை நாளைக்கு அங்கன முழிச்சுக்கிட்டு உக்காந்திருப்ப?" என்று கதவைத் திறந்தாள். "நகருடி."

மொக்கம்மாள் பையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு நகர்ந்து உட்கார்ந்தாள்.