ஆற்றைக் காணோம்!

சித்திரப் போட்டியில் முதலாவதாக வந்ததற்கு ரிப்காவுக்குக் கிடைத்த பரிசு, கண்டிக்கு மேலே ஒரு வானப் பயணம். தண்ணீரிலேயே ஏறி இறங்கும் சின்ன விமானம் அது. உள்ளே மூன்றே பேர்: பத்து வயது ரிப்கா, அவளுடைய வாப்பா பஹீம், விமானி டிலானி.

விக்டோரியா நீர்த்தேக்கத்திலிருந்து கிளம்பும்போது வானம் பளிச்சென்று இருந்தது. இப்போதோ முன்னால் இருந்த மலைகளையே காணவில்லை. கறுத்த மேகம் மறித்து நின்றது.

"இன்னும் கொஞ்சம் போனா எங்கட ஊர் கலகெதர. எங்கட ஊட்ட மேலருந்து பாக்கலாமே, மிஸ்" என்றார் வாப்பா.

"வேணாங்க. மேகத்துக்குள்ள போனா மலை எங்க இருக்குன்னு தெரியாது. திரும்புறோம்" என்றார் டிலானி.

விமானம் வளைந்து திரும்பியது. மழை அதைவிட வேகமாக வந்தது. காற்று விமானத்தைத் தூக்கித் தூக்கிப் போட்டது. வாப்பா கண்களை இறுக மூடிக்கொண்டு ஓதத் தொடங்கினார்.

"ரிப்கா, மகாவலி ஆத்தப் பிடிச்சுக்கிட்டே போனா நீர்த்தேக்கம் வந்துரும். என் பக்கம் ஒண்ணும் தெரியல. ஒன் பக்கம் ஆறு தெரியுதா?" என்று கேட்டார் டிலானி.

ரிப்கா நடுங்கியபடி கண்ணாடியில் மூக்கை அழுத்திப் பார்த்தாள்.

"தெரியுது! இடப்பக்கமா வளையுது."

விமானம் இடப்பக்கம் சாய்ந்தது. அப்போது அந்த ஆற்றின் மேல் ஏதோ சிவப்பாக ஊர்ந்தது. ரிப்கா உற்றுப் பார்த்தாள். பிழையாகச் சொல்லிவிட்டோமே! ஏசுவார்களோ?

"மிஸ்! அது ஆறு இல்ல, ரோட்! பஸ் போகுது!"

டிலானி சட்டென்று விமானத்தை வலப்பக்கம் திருப்பினார். மேகம் ஒரு நொடி விலகியது. அவர்கள் போகவிருந்த பக்கத்தில் கரேலென்று ஒரு மலை நின்றது!

"அவசரப்படாம தேடு, ரிப்கா. நிச்சயமா தெரிஞ்சா மட்டும் சொல்லு."

மரங்கள். கூரைகள். வெள்ளைப் பனிமூட்டம். பிறகு மூங்கில்களுக்கு நடுவே செம்மண் நிறத் தண்ணீர்.

"ஆறு! பாறை இருக்கு, நுரை இருக்கு. ஆறேதான்!"

"பஸ் ஒண்ணும் ஓடலையே?"

"இல்ல, மிஸ்!"

சிறிது நேரத்தில் நீர்த்தேக்கம் அகலமாய் விரிந்தது. விமானம் தண்ணீரை வாரி இறைத்துக்கொண்டு இறங்கியது.

இறங்குதுறைப் பலகையில் கால் வைத்த ரிப்காவால் நிற்க முடியவில்லை. பார்த்தால், டிலானியும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவருடைய கைகளும் நடுங்கின.

"மிஸ், உங்களுக்குமா பயம்?"

"பின்ன? பயந்ததாலதானே திரும்பினேன்!"

"அல்ஹம்துலில்லாஹ்! நான் மட்டுந்தான் எண்டு நெனச்சேன்" என்றார் வாப்பா.

மூவரும் அந்த ஈரப் பலகையிலேயே உட்கார்ந்து சிரித்தார்கள். மழை கொட்டிக்கொண்டே இருந்தது. எழுந்து ஓட யாருக்கும் மனம் வரவில்லை.