ரொம்பச் சுத்தமான தொட்டி

மிளகுக்குப் பத்து வயது. வகுப்பிலேயே அவள்தான் குள்ளம். அதனால் வந்த பெயர்.

அவளுடைய அப்பா சலவைக்கடை வைத்திருந்தார். மை, துரு, எண்ணெய், எந்தக் கறையின் பாச்சாவும் அவரிடம் பலிக்காது. அம்மா அதே கடையில் துணிகளுக்கு அடையாள எண் தைப்பார்.

வீட்டுக்கு மீன்தொட்டி வந்து ஐந்து வாரம் ஆகியிருந்தது. வாங்கும்போது மூன்று தங்கமீன்கள் இருந்தன. கழுத்தைச் சுற்றி வெள்ளைப் பட்டை இருந்த மீன் காலர். வாய் பெரியது பாக்கெட். எல்லாவற்றிலும் சிறியது பட்டன். பெயர் வைத்தது அப்பா. அவருக்கு வேறு என்ன தோன்றும்?

இப்போது பாக்கெட் இல்லை. செவ்வாய்க்கிழமை காலையில் வயிற்றை மேலே காட்டி மிதந்தது.

"இன்னொண்ணும் போச்சுன்னா தொட்டியை யாருக்காவது கொடுத்துடலாம். என்னால பாக்க முடியல" என்றார் அம்மா.

"அழுக்குதான் காரணம். இனிமே வாரத்துக்கு ரெண்டு தடவை கழுவிடறேன்" என்றார் அப்பா.

அவர் கழுவுவது சாதாரணக் கழுவல் இல்லை. மீன்கள் வாளிக்குப் போகும். பழைய தண்ணீர் முழுவதும் வெளியே போகும். கண்ணாடியைத் தேய்தேய் என்று தேய்ப்பார். கூழாங்கற்களை ஏழு தண்ணீரில் அலசி மிளகிடம் கொடுப்பார். அவள் மொட்டை மாடியில் வெயிலில் பரப்புவாள். ஃபில்டருக்குள் இருக்கும் ஸ்பாஞ்சைக் குழாயடியில் பிழிந்து பிழிந்து, கடையில் வாங்கிய அன்று இருந்த நிறத்துக்கே கொண்டுவந்து, கொடியில் கிளிப் போட்டுத் தொங்க விடுவார். கடைசியில் குழாயிலிருந்து புதுத் தண்ணீர். தொட்டியில் தண்ணீர் இருக்கிறதா என்று விரலை விட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். அவ்வளவு தெளிவு.

சொன்னபடியே புதன்கிழமையும் கழுவினார். சனிக்கிழமை காலையில் காலரும் பட்டனும் தண்ணீரின் மேல்மட்டத்தில் வாயைத் திறந்து திறந்து மூடின. பட்டனின் செவுள் சிவந்திருந்தது. போட்ட தீனி அப்படியே கீழே இறங்கியது.

மிளகு வெகுநேரம் பார்த்தாள். அதிகமாகக் கழுவிய வாரத்தில் அதிகமாக வாடுகின்றன. இது கணக்குக்கு ஒத்துவரவில்லை.

அன்று மாலை அம்மா அவளை முடி வெட்டிக்கொள்ள அனுப்பினார். தெருமுனை சலூனிலும் ஒரு மீன்தொட்டி உண்டு. அதன் கண்ணாடியில் பச்சைப் பாசி. தண்ணீர் லேசான மஞ்சள். உள்ளே நான்கு தங்கமீன்கள், ஒவ்வொன்றும் உள்ளங்கை அகலம், ஒன்றையொன்று துரத்திக்கொண்டிருந்தன.

"மாமா, இந்தத் தொட்டியை எப்போ கழுவினீங்க?"

கத்தரிக்கோல் நின்றது.

"ஏன் பாப்பா, அவ்வளவு மோசமாவா இருக்கு?" என்றார் சலூன்காரர்.

"சும்மாதான் கேட்டேன்."

"கழுவினதே இல்ல. வாரத்துக்கு ஒரு வாளி தண்ணி எடுத்துக் கொட்டுவேன். முதல் நாளே பிடிச்சு வெச்ச தண்ணி ஒரு வாளி ஊத்துவேன். ஸ்பாஞ்சு ரொம்ப அடைச்சுக்கிட்டா, எடுத்த தண்ணியிலேயே ஒரு முக்கு. அவ்வளவுதான் நம்ம உழைப்பு."

"ஒண்ணுகூடச் சாகலையா?"

"நாலு வருஷமா இதே நாலு பேர்தான். உங்கப்பா காதுல போட்டுடாத, பாப்பா. என் துண்டெல்லாம் அவர்கிட்டதான் வெளுக்குது. மானம் போயிடும்."

மிளகு தலையை ஆட்டவில்லை. முடி வெட்டும்போது தலையை ஆட்டக் கூடாது.

திரும்பி வரும் வழியெல்லாம் ஒரே யோசனை. நான்கு மீன்கள், நான்கு வருடம். எவ்வளவு கழிவு வந்திருக்கும்! வாரத்துக்கு ஒரு வாளியில் அத்தனையும் போய்விடாது. அப்படியானால் மிச்சம் எங்கே?

பள்ளித் தோட்டத்துக் குழியில் போட்ட இலைகள் அவளுக்கு நினைவு வந்தன. அவற்றையும் யாரும் அள்ளுவதில்லை. கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் தின்றே மண்ணாக்கிவிடுகின்றன என்று பாடத்தில் இருந்தது.

மிளகு நடுத்தெருவில் நின்றுவிட்டாள். சலூன் தொட்டியிலும் யாரோ தின்கிறார்கள்! தண்ணீர் வந்து போகும் ஸ்பாஞ்சிலும் கற்களிலும்தான் குடியிருக்க வேண்டும். அவர்களைத்தான் வீட்டில் வாராவாரம் குழாயில் பிழிந்து, வெயிலில் காயப்போட்டு...

அதை அப்பாவிடம் எப்படிச் சொல்வது? பாக்கெட் செத்த அன்று அவர் சரியாகச் சாப்பிடக்கூட இல்லை.

தொட்டியோடு இலவசமாக வந்த ஒரு சின்னப் பெட்டி பிரிக்கப்படாமலே கிடந்தது. தண்ணீரைச் சோதிக்கும் மருந்து. மருந்துச் சொட்டு விட்டால் தண்ணீர் நிறம் மாறும். மஞ்சள் என்றால் நல்லது. பச்சை என்றால் மீன் கழிவிலிருந்து வரும் அமோனியா என்ற நஞ்சு கலந்திருக்கிறது. பச்சை கறுக்கக் கறுக்க ஆபத்து. தாளில் அவ்வளவுதான் எழுதியிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை அப்பா சட்டைக் கையை மடித்துவிட்டபோது, மிளகு மேசைமேல் இரண்டு கண்ணாடிக் குப்பிகளை வைத்தாள். ஒன்றில் இருந்தது விடிந்ததும் சலூனில் கேட்டு வாங்கி வந்த தொட்டித் தண்ணீர்.

"அப்பா, அஞ்சே நிமிஷம். இதுல எது நம்ம வீட்டுத் தண்ணி, சொல்லுங்க?"

"இது என்ன கேள்வி?" அப்பா தெளிவான குப்பியைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தார். "பாரு, கண்ணாடி மாதிரி! அது என்ன, சாக்கடைத் தண்ணியா?"

"அது வேற ஒரு தொட்டி. எதுல மீன் நல்லா இருக்கும்?"

"கேக்கணுமா? நம்மளுதுலதான்."

"அப்போ ரெண்டுலயும் இந்த மருந்தைச் சொட்டு விடுங்கப்பா. நான் விட்டா சிந்திடும்."

துணியில் இருப்பது எந்தக் கறை என்று பார்க்க அப்பா தினமும் சொட்டு விடுகிறவர்தான். ஒரு சொட்டுகூடச் சிந்தவில்லை. குலுக்கி வைத்துவிட்டுக் காத்திருந்தார்கள். அம்மாவும் வந்து நின்றார்.

சாக்கடைத் தண்ணீர் மஞ்சளாகவே இருந்தது. கண்ணாடி போன்ற தண்ணீர் மெல்ல மெல்லப் பச்சையாகி, இலைப் பச்சையாகி, கரும்பச்சையில் போய் நின்றது.

அப்பா தாளைப் படித்தார். இன்னொரு முறை படித்தார்.

"நான்தான் அவ்வளவு தேய்ச்சேனே. இது எங்கேருந்து வருது?"

மிளகு சொன்னாள். தின்கிறவர்களைப் பற்றி, அவர்கள் குடியிருக்கும் இடத்தைப் பற்றி, இருக்கும் ஒரே வீட்டையும் வாராவாரம் இடித்ததைப் பற்றி.

அப்பா நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "அப்போ பாக்கெட்டை நான்தான்..."

"உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாதுப்பா" என்றாள் மிளகு அவசரமாக. "கல்லை வெயில்ல காயப்போட்டது யாரு? நான்தானே? இப்போ காலரும் பட்டனும் இருக்காங்க. நமக்கு ஒரு அழுக்கு ஸ்பாஞ்சு வேணும்."

"அழுக்கு ஸ்பாஞ்சா?"

"நல்லா ஊறின அழுக்கு. எங்கே இருக்குன்னு எனக்குத் தெரியும்."

அப்பா சலூனுக்குள் நுழைந்ததும் சலூன்காரர் ஓடிப்போய்த் தொட்டியை மறைத்துக்கொண்டு நின்றார்.

"அண்ணே, இன்னிக்குக் கழுவிடலாம்னுதான் இருந்தேன்..."

"கழுவாதீங்க!" என்றார் அப்பா. தன் வாயிலிருந்தா இப்படி ஒரு வார்த்தை வந்தது என்பதுபோல் ஒரு கணம் விழித்தார். "உங்க ஸ்பாஞ்சு ஒண்ணு எங்களுக்கு வேணும். புதுசு வாங்கித் தந்துடறேன்."

சலூன்காரர் மிளகைப் பார்த்தார். "இதைப் போயி யாராவது கேப்பாங்களா?"

"நாங்க கேப்போம் மாமா."

அந்த ஃபில்டரில் இரண்டு ஸ்பாஞ்சுகள் இருந்தன. ஒன்று போதும். பழுப்பு நிறம், வழவழப்பு, குளத்தடி வாசனை. அது காயாமல் இருக்க, கொஞ்சம் தொட்டித் தண்ணீரோடு பைக்குள் போட்டு, அப்பாதான் சுமந்து வந்தார். கையை நன்றாக நீட்டிப் பிடித்திருந்தார்.

ஸ்பாஞ்சு ஃபில்டருக்குள் போனது. தினமும் முக்கால் வாளி தண்ணீரை எடுத்துவிட்டு, முதல் நாள் பிடித்துவைத்த தண்ணீரை ஊற்றினார்கள். தீனியைப் பாதியாகக் குறைத்தார்கள்.

திங்கள் பச்சை. செவ்வாய் பச்சை. பட்டன் மூலையில் சாய்ந்து கிடந்தது. அம்மா தைத்துக்கொண்டே நிமிர்ந்து பார்த்தார்.

வியாழன் இளம்பச்சை. காலர் தீனி தின்றது. வெள்ளியன்று பட்டன், காலரின் வாயருகிலிருந்தே ஒரு துணுக்கைப் பிடுங்கித் தின்றது. மூன்றாவது வாரம் குப்பியில் மஞ்சள் வந்தது. மறுநாளும் மஞ்சள்தான்.

"அப்போ தொட்டி இங்கேயே இருக்கட்டும்" என்றார் அம்மா.

கண்ணாடியில் மெல்லப் பாசி ஏறியது. அப்பா தொட்டியைத் தாண்டிப் போகும்போதெல்லாம் நடை தளர்ந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை தாங்க முடியாமல் கேட்டேவிட்டார்.

"மிளகு, ஒரே ஒரு தேய்?"

மிளகு யோசித்தாள். "முன்பக்கம் மட்டும். உள்ளே சோப்பு கூடாது. ஸ்பாஞ்சு பக்கம் போகவே கூடாது."

"சத்தியமா!"

அப்பா அந்த ஒரு பக்கத்தை அரைமணி நேரம் துடைத்தார். அவர் துடைத்த துடைப்பில், கண்ணாடியில் தங்கள் பிம்பமே தெரிய, யார் புதிதாக வந்திருக்கிறார்கள் என்று பார்க்கக் காலரும் பட்டனும் கண்ணாடி அருகே வந்து நின்றன.