முப்பது எண்ணிவிட்டு

முதல் முப்பது விநாடி வெறும் சுவர். பதிவேட்டில் அப்படித்தான் எழுதியிருந்தாள். ‘30 விநாடி சத்தமில்லை, சுவர் மட்டும். மொத்தம் 4 நிமிடம் 42 விநாடி.’ அவள் கையெழுத்து, அவள் பேனா மை. திரையின் கீழ் ஓரத்திலோ 4:43 என்றிருந்தது.

ஏட்டம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தாள். 4:43தான்.

ஒரு விநாடி என்ன பெரிய ஒரு விநாடி என்று விட்டுவிடலாம். ஆனால் ஐந்து மணிக்கு விசாரணை அதிகாரியின் ஆள் வந்து இந்தப் பதிவையும் பதிவேட்டையும் கையோடு வாங்கிப்போகப் போகிறான். இரண்டிலும் நேரம் ஒன்றாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ‘யார் கை வைத்தது?’ என்பதுதான் முதல் கேள்வியாக வரும். பதிவு, இதே ஸ்டேஷனில் போலீஸ்காரனாக இருக்கும் அவள் தம்பியின் சட்டைக் கேமராவிலிருந்து வந்தது.

அந்த அறை முன்பு கேட்பாரற்ற சைக்கிள்களைப் போட்டுவைத்த அறை. துருவும் பழைய ரப்பரும் கலந்த வாடை இன்னும் போகவில்லை. வெளியே மழைக்கு இருட்டிக்கொண்டு வந்தது. மேசைமேல் ஸ்டாண்டில் பன்னிரண்டு கேமராக்கள் வரிசையாக நின்றன, ஒவ்வொன்றின் நெற்றியிலும் ஒரு பச்சைப் பொட்டு. வந்து இரண்டு மாதம் ஆகிறது. போலீஸ்காரர்கள் இனிமேல் இதைச் சட்டையில் மாட்டாமல் வாசலைத் தாண்டக்கூடாது என்று உத்தரவு. பயிற்சிக்குப் போய்வந்தவள் அவள் ஒருத்திதான்; மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தவளும் அவள்தான். மாட்டிய நேரத்திலிருந்து அது பார்த்துக்கொண்டே இருக்கும், ஆனால் பட்டனை அழுத்தினால்தான் பதிவு. அழுத்தும்போது அதற்கு முந்தைய முப்பது விநாடியையும் சேர்த்துப் பிடித்துக்கொள்ளும், சத்தம் மட்டும் இருக்காது. இதை எல்லோருக்கும் சொன்னாள். தம்பிக்குக் கொஞ்சம் கூடுதலாகவே சொன்னாள்.

ரைட்டர் கதவருகே தலையை நீட்டினார். ஸ்டேஷன் காகிதமெல்லாம் அவர் கையில்.

“ஏட்டம்மா, என்ன இன்னிக்கும் தோள் நனைஞ்சிருக்கு? யார் வீட்டுக் குழந்தையைத் தூக்கிட்டு வந்தீங்க?”

“உங்களைத்தான் தூக்கினேன். போய் வேலையைப் பாருங்க.”

அவர் சிரித்துக்கொண்டே போய்விட்டார். அவள் இடத்தோளைத் தொட்டுப் பார்த்தாள். உள்ளங்கை அகலத்துக்கு ஈரம். மூன்று நாளாக எந்தச் சட்டையைப் போட்டாலும் அதே இடத்தில். கூரை ஒழுகுகிறதென்று முதல் நாள் நாற்காலியை நகர்த்திப் போட்டாள். ஒழுகவில்லை.

பதிவை முதலிலிருந்து ஓட்டினாள். சரிபார்க்க வேறு வழியில்லை.

காரை உதிர்ந்த சுவர். அதற்கு முன்னால், புதிதாக வந்த அந்த ஒரு விநாடியில், காட்சி இடமிருந்து வலமாகச் சட்டென்று திரும்பியது. தம்பி எதற்கோ முதுகைக் காட்டிச் சுவர்ப்பக்கம் திரும்பியிருக்கிறான். பிறகு அவளுக்கு மனப்பாடமான மீதி: சத்தம் வருகிறது, தம்பி ஓடுகிறான், “ஐயோ, யாராவது வாங்க, ஆள் விழுந்துட்டார்” என்று கத்துகிறான், தொட்டிக்குள் லத்தியை நீட்டுகிறான், தண்ணீர் அசையாமல் கிடக்கிறது.

விழுந்தவர் பழைய பேப்பர்க்காரர். திருட்டுச் செம்புக் கம்பி வாங்கினார் என்று விசாரிக்கப் போனான் தம்பி. அவருடைய கிடங்குக்குப் பின்னால் மூடிப்போன ஆலையின் தண்ணீர்த் தொட்டி, இரண்டு ஆள் ஆழம், பாசி. பில் எடுத்து வருகிறேன் என்று போனவர் வழுக்கி உள்ளே விழுந்து செத்துப்போனார். தம்பி சொன்னது அதுதான். அவளும் நம்பினாள். நம்பாமல் என்ன செய்வாள்? அம்மா போனபோது அவனுக்கு ஆறு வயது. சட்டைப் பட்டனை மேலும் கீழுமாகப் போட்டுக்கொண்டு வந்து நிற்பான், அவிழ்த்துச் சரியாகப் போட்டுவிடுவாள். இன்றைக்கும் அவன் நெஞ்சில் கேமராவை மாட்டிவிடுவது அவள்தான்.

பதிவு முடிந்தது. ஓரத்தில் நேரத்தைப் பார்த்தாள்.

4:51.

ஓட்டினால் வளர்கிறது. பின்பக்கம் அல்ல, முன்பக்கம்.

அந்த எட்டு விநாடியைப் பார்க்கக்கூடாது என்று அவளுக்குத் தெரியும். பார்க்காமல் எழுத முடியாது என்றும் தெரியும். ஓட்டினாள்.

தொட்டியின் விளிம்பு. சிமெண்ட், பாசி, அதன்மேல் நான்கு விரல்கள். நகம் வெளுக்கும் அளவுக்கு இறுக்கிப் பிடித்த நான்கு விரல்கள். உள்ளேயிருந்து இன்னொரு கை மேலே வருகிறது, காற்றைத் துழாவுகிறது, யாராவது பிடிப்பார்கள் என்று விரிகிறது. சத்தமில்லை. காட்சி அதைப் பார்த்துக்கொண்டே நிற்கிறது. பிறகு சுவர்ப்பக்கம் திரும்புகிறது.

முப்பது விநாடி சுவர்.

அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். மூன்று நாளாக அந்தச் சுவரை எத்தனை முறை பார்த்திருப்பாள். கண்ணாமூச்சி ஆடும் பிள்ளை சுவரில் முகத்தைப் புதைத்து நிற்பானே, அப்படி நின்றிருக்கிறான்.

“அக்கா.”

தம்பி. எப்போது வந்தான் என்று தெரியவில்லை. மூன்று நாள் தாடி. கதவைச் சாத்திவிட்டு அதன்மேல் சாய்ந்துகொண்டான்.

“அனுப்பிட்டியா?”

“ஏன்டா சுவத்தப் பாத்து நின்ன?”

அவன் திரையைப் பார்க்கவில்லை, அவளையும் பார்க்கவில்லை. “அதுல சுவர் மட்டும்தானே இருக்கு?”

“கை இருக்கு. விளிம்பைப் பிடிச்சுக்கிட்டு இருக்கு. உயிரோட இருந்திருக்காருடா.”

“அது எப்படி இருக்கும்? முப்பதுதானே நிக்கும்? நீதானே சொன்ன.”

அவள் திரையை அவன் பக்கம் திருப்பினாள்.

“ஒரே ஒரு அறைதான்க்கா. எதுத்துப் பேசினாரு, அறைஞ்சேன். கால் வழுக்கிடுச்சு. உடனே பட்டனை அமுக்கினா அறைஞ்சதும் அதுல பதிஞ்சிடும். முப்பது போகட்டும்னு நின்னேன். விடாமத்தான் எண்ணினேன். இருபது வரைக்கும் தண்ணிச் சத்தம் கேட்டுச்சு.” அவன் குரல் உடைந்தது. “முடிச்சுட்டுத் தூக்கிடலாம்னுதான்க்கா இருந்தேன். அதுக்குள்ள…”

“போதும்.”

“என்னைக் காப்பாத்துக்கா.”

ஆறு வயதில் சொன்ன அதே மாதிரி. அவள் எழுந்து அவன் சட்டையைப் பார்த்தாள், பட்டன்கள் சரியாகத்தான் இருந்தன. இருந்தும் மேல் பட்டனை ஒருமுறை தொட்டாள்.

“வெளிய நில்லு. யார்கிட்டயும் வாயைத் திறக்காத.”

அவன் போனதும் கதவைத் தாழிட்டாள். மணி நாலே முக்கால். அழிக்க முடியாது, மேலிடத்துக் கடவுச்சொல் வேண்டும். பதிவு இருக்கிற பெட்டியைத் தரையில் போட்டு உடைக்கலாம், ஆனால் நகல் தானாக வேறெங்கோ போய்விட்டிருக்கும். பதிவேட்டில் திருத்தலாம். 42-ஐ என்னவாக? அது நிற்கிற இடம் எது? ஓட்டாமல் இருந்தால் வளராது. ஓட்டவே கூடாது. அப்படியே கொடுத்துவிடலாம், முதலில் ஓட்டப்போகிறவன் பாடு.

ஓரத்தைப் பார்த்தாள்.

5:22.

அவள் ஓட்டவில்லை. சுட்டியில் கைகூட வைக்கவில்லை.

5:58. 9:10.

அறைந்த கணம் உள்ளே வந்துவிட்டது. பெட்டியின் மின்வயரைப் பிடுங்கினாள். அதன் விளக்கெல்லாம் அணைந்தது. திரை அணையவில்லை. கேமராக்களின் பச்சைப் பொட்டும் அணையவில்லை. 40:00. ஒரு மணி நேரம். எண்கள் நிற்காமல் ஏறின, தொட்டியில் தண்ணீர் ஏறுவதுபோல, அவசரமில்லாமல். துரு வாடைக்கு மேலே வேறொரு வாடை எழுந்தது. பாசி.

கதவைத் தட்டினார்கள். “ஏட்டம்மா, ஆள் வந்தாச்சு. ரெடியா?” ரைட்டர்.

“ரெண்டு நிமிஷம்.”

5 மணி நேரம் 20 நிமிடத்தில் எண்கள் நின்றன.

அதற்குமேல் போகவில்லை. காத்திருந்தாள். போகவில்லை. ஏன் அங்கே? அன்றைக்கு மத்தியானம் ஒன்றரை மணிக்குத் தொட்டி. அதற்கு ஐந்தே கால் மணி நேரம் முன்பு…

காலை எட்டேகால். கேமரா கொடுக்கும் நேரம்.

கை தானாகப் போய் முதலிலிருந்து ஓட்டியது.

திரையில் அவள் முகம். கீழிருந்து, மிக அருகில். தம்பியின் நெஞ்சிலிருந்து பார்த்தால் அப்படித்தான் தெரிவாள். இதே அறை, பின்னால் இதே கதவு. கேமராவை மாட்டி நேராக்குகிறாள், செல்லமாக ஒரு தட்டுத் தட்டுகிறாள். உதடு அசைகிறது. சத்தம் இருக்கக்கூடாது. இருந்தது.

“எது நடந்தாலும் உடனே அமுக்கிடாத. நல்லா கேட்டுக்கோ. முடிஞ்சப்புறம் முப்பது எண்ணு. எண்ணிட்டு அமுக்கு. எங்க, எண்ணிக் காட்டு.”

தம்பி சிரிக்கிறான். “என்னக்கா, ஒண்ணாப்பு பையனா நான்?”

“எண்ணுடா.”

யாரோ எண்ணத் தொடங்கினார்கள். “ஒண்ணு. ரெண்டு. மூணு.” தம்பியின் குரல் இல்லை. வாய்க்குள் தண்ணீர் புரள எண்ணுகிற குரல்.

திரையில் இருக்கிறவளுக்கு அது கேட்கவில்லை. கழுத்தைக் கொஞ்சம் சாய்த்து இடத்தோளை உதறுகிறாள். ஞாபகம் வந்தது. அன்றைக்குக் காலையில்தான் முதல் ஈரம். கூரை என்று நினைத்தாள். அந்த நேரத்தில் அந்த மனிதர் தன் கிடங்கைத் திறந்து, உயிரோடு, தராசைத் துடைத்துக்கொண்டிருந்திருப்பார்.

“பதினெட்டு. பத்தொன்பது.”

“ஏட்டம்மா?” கதவுக்கு அந்தப்பக்கம்.

“இருபது.”

அவளால் திரும்ப முடியவில்லை. எண்ணுவது திரையிலிருந்து வரவில்லை. காதுக்குப் பின்னாலிருந்து வந்தது. முதுகில் தண்ணீர் சொட்டுச் சொட்டாக விழுந்தது.

“இருபத்தாறு. இருபத்தேழு.”

ஸ்டாண்டில் ஒவ்வொன்றாகப் பச்சை சிவப்பானது, யாரும் அழுத்தாமலே பதிவு தொடங்கியது.

திரையில், சிரித்துக்கொண்டு தம்பியின் சட்டையைச் சரிசெய்கிற அவளுடைய இடத்தோளில், பின்னாலிருந்து ஊர்ந்து வந்து பதிந்தன நான்கு விரல்கள். ஊறிச் சுருங்கிய விரல்கள், நகங்களில் பாசி. தள்ளவில்லை, இழுக்கவில்லை. தொட்டியின் விளிம்பைப் பிடிப்பதுபோல, விட்டால் அமிழ்ந்துபோவோம் என்பதுபோல, நகம் வெளுக்க இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தன.